இரும்பு மாத்திரை போட்டும் இரத்தம் ஏறவில்லை, வேறு என்ன பார்க்க வேண்டும்?

செம்பனைக்காட்டான் எழுதியது:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 63. முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு டவுனுக்கு வந்துவிட்டோம். இனிப்புநீர் இருக்கிறது, பத்து வருடத்துக்கு மேலாக மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறார். அப்பா தவறியதிலிருந்து சுத்த சைவம். முட்டை கிடையாது. பால் வாடை பிடிக்காது, தேத்தண்ணியில் ஊற்றும் டின் பால் மட்டும்தான். இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பாதம் மரத்துப் போகிறது என்கிறார், அதை இனிப்புநீர் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். சம்பல் பட்டால் நாக்கு எரிகிறதாம். தனியார் கிளினிக் ஒன்றில் இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. "இரத்தம் கம்மி" என்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். பல மாதமாகச் சாப்பிடுகிறார். மலம் கறுப்பாகப் போவதைத் தவிர வேறு ஒரு மாற்றமும் இல்லை. தாளில் எம்.சி.வி. 112 என்று ஓரிடத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாலா_ஈப்போ எழுதியது:
தம்பி, பீட்ரூட் சாறு கொடுங்கள். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. என் மாமியாருக்கு அதில்தான் ஏறியது. மாத்திரை போட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது, அதையும் பாருங்கள்.

பழைய_மிஸ்ஸி எழுதியது:
மாலா, தேத்தண்ணி விஷயம் சரி. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இந்த அம்மாவுக்கு இரும்பு பிரச்சினையாகவே தெரியவில்லை. தம்பி, அந்தத் தடித்த எழுத்துதான் விஷயமே. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்கும் 100க்கும் நடுவில் இருக்க வேண்டும். இரும்பு குறைந்தால் அணு சின்னதாகும், 80க்குக் கீழே போகும். அம்மாவுக்கு 112, அதாவது அணு ஊதிப் பெரிதாக இருக்கிறது. பெரிய அணுவோடு வருகிற சோகையில் முதலில் தேட வேண்டியது பி12 வைட்டமின், அடுத்தது ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின். இரண்டுக்கும் இரும்பு மாத்திரை ஒன்றும் செய்யாது.

நீங்கள் எழுதியதில் எல்லாமே ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. சைவம், முட்டையும் இல்லை, மெட்ஃபோர்மின், நாக்கு எரிச்சல், பாதம் மரப்பு. நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். சொரசொரப்பு போய் வழவழவென்று சிவந்திருக்கிறதா? கையின் மேற்புறம், விரல் மூட்டுகள் முன்பைவிடக் கறுத்திருக்கின்றனவா? நம் நிறத்துக்காரர்களிடம் பி12 குறைந்தால் மூட்டு கறுப்பது அடிக்கடி காண்பது. வெயிலில் கறுத்தது என்று விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. யாராவது "இரத்தம் ஊற" என்று ஃபோலிக் ஆசிட் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) மட்டும் கொடுத்தால் வாங்கிப் போடாதீர்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். நடை தள்ளாடும் அளவுக்கு வந்த பிறகு சிகிச்சை செய்தால் முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது.

லயத்துவாசி எழுதியது:
நம் ஊரில் "இரத்தம் கம்மி" என்றால் எல்லாருக்கும் இரும்பு மட்டும் ஏன் ஞாபகம் வருகிறது தெரியுமா? தோட்டத்து வாழ்க்கைதான் காரணம். அந்தக் காலத்தில் கொக்கிப்புழு அவ்வளவு இருந்தது. ஒதுக்குப்புறமே கழிவறை, ஈர மண், வெறுங்கால். புழு பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போய், நுரையீரல் வழியாகக் குடலுக்கு இறங்கி, அங்கே ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். வெட்டுக்காட்டில் வேலை செய்தவர்களுக்கு மலேரியாவும் சேர்ந்துகொண்டது. தோட்டத்து டிரஸ்ஸர் எல்லாருக்கும் ஒரே கறுப்பு டானிக்கை ஊற்றிக் கொடுத்தார் என்றால் அன்றைக்கு அது நியாயமான மருந்து. அது இரும்பு போய்க்கொண்டிருந்த காலம். இப்போது நம் பெரியவர்கள் செருப்பு போட்டு, டைல்ஸ் தரையில் உட்கார்ந்து, இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். வியாதி மாறிவிட்டது, பக்கத்து வீட்டு யோசனைதான் அப்படியே இருக்கிறது.

மைக்ராஸ்கோப் எழுதியது:
இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன். பி12, ஃபோலேட் இரண்டும் அணு பிரியும்போது டி.என்.ஏ. கட்டுவதற்குத் தேவை. அது இல்லாவிட்டால் எலும்பு மஜ்ஜையில் அணு வளர்ந்துகொண்டே போகும், பிரிய முடியாது. பாதி அங்கேயே செத்துவிடும், மிச்சம் பெரிசு பெரிசாக வெளியே வரும். கண்ணாடிச் சில்லில் பார்த்தால் முட்டை வடிவத்தில் பெரிய சிவப்பணு தெரியும். வெள்ளையணுவின் உட்கரு வழக்கமாக மூன்று நான்கு மடலாக இருக்கும், இதில் ஐந்து ஆறு மடலாக இருக்கும். அதைப் பார்த்தவுடனேயே சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் எம்.சி.வி.யை மட்டும் நம்பியும் உட்காரக் கூடாது. ஒருவருக்கே இரும்பும் பி12உம் சேர்ந்து குறைந்தால் ஒன்று சின்னதாக்கும், ஒன்று பெரிதாக்கும், சராசரி 90 என்று சாதுவாக நிற்கும். நம் பெண்களிடம் இந்தக் கலவை நிறைய. அந்த நேரத்தில் ஆர்.டி.டபிள்யூ. என்ற எண் எகிறியிருக்கும், அதாவது அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறுபடுகிறது என்று அர்த்தம். தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் கூறு இருப்பவருக்கும் இதே குழப்பம். மலேசியாவில் மலாய்க்காரர்கள், சீனர்களிடம் அது பரவலாக இருக்கிறது, நம்மிலும் இல்லாமல் இல்லை. பிறவியிலேயே அணு சின்னதாக இருப்பதால் பி12 குறைந்தாலும் எம்.சி.வி. 100ஐத் தாண்டாமல் இருக்கலாம்.

அளவு பெரிதானால் எல்லாம் பி12 என்றும் இல்லை. தைராய்டு மந்தம், கல்லீரல் வியாதி, மஜ்ஜைக் கோளாறு, குடி. சம்சு சாராயம் குடித்தவர்களின் தாள்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், சோகை இல்லாமலேயே அணு பெரிதாக இருக்கும்.

காவடிச்சிந்து எழுதியது:
எல்லாம் சரி. என் பாட்டி பிறந்ததிலிருந்து சைவம். 90 வயது வரை கோயிலுக்கு நடந்து போனார். பி12 ஊசியா போட்டார்? சைவம் சாப்பிட்டால் இரத்தம் கெடும் என்பது மருந்து விற்கிறவன் கதை. இப்படி எழுதினால் நாளைக்கு விரதம் இருக்கிறவனையும் பயமுறுத்துவீர்கள்.

பழைய_மிஸ்ஸி எழுதியது:
காவடி அண்ணே, சைவம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, நானே வெள்ளி செவ்வாய் சைவம். உங்கள் பாட்டி என்ன சாப்பிட்டார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு மாடு, தயிர், மோர். பி12 பாலில் இருக்கிறது. ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். தயிரும் மோரும் தினம் இருந்தால் சமாளிக்கலாம். மாடு இல்லாத வீட்டில், பால் பிடிக்காதவருக்கு, அது எங்கிருந்து வரும்? டின் பால் என்று நாம் ஊற்றுவது பல நேரம் பாலே இல்லை. டின்னில் சின்ன எழுத்தில் இனிப்பூட்டிய கிரீமர் என்று போட்டிருக்கும், பாமாயிலும் சீனியும்தான் பெரும்பகுதி. செம்பனைக்காட்டில் விளைந்தது தேத்தண்ணிக்கே திரும்பி வருகிறது!

விரதத்துக்குப் பயப்பட வேண்டாம். புரட்டாசி முழுக்கச் சைவம், தைப்பூசத்துக்கு 48 நாள் என்றால் ஒன்றும் ஆகாது. உடம்பில், முக்கியமாகக் கல்லீரலில், 2 முதல் 5 மில்லிகிராம் வரை சேமிப்பு இருக்கும், தினத் தேவையோடு ஒப்பிட்டால் அது வருடக் கணக்கில் தாங்கும். அதனால்தான் இந்த வியாதி மெதுவாக வருகிறது, அதனால்தான் வயசு ஆகிவிட்டது என்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஃபோலேட் சேமிப்பு அப்படி இல்லை, நாலைந்து மாதத்தில் தீர்ந்துவிடும்.

நூலகப்பூச்சி எழுதியது:
காவடி அண்ணன் கேட்ட கேள்வியை லண்டன்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் கிழக்காப்பிரிக்காவிலிருந்தும் போய்க் குடியேறிய சைவ இந்துக்கள் பலருக்கு அங்கே பி12 சோகை வந்தது. வடமேற்கு லண்டனில் ஹேரோ வட்டாரத்து ஆஸ்பத்திரியில் இரத்தவியல் நிபுணர் சனாரின் குழு இதை ஆராய்ந்து 1985இல் எழுதியது. ஊரில் அதே சாப்பாடுதானே, ஊரில் ஏன் இவ்வளவு வரவில்லை? ஒரு விளக்கம், ஊரில் கீரை, தானியம், தண்ணீர் இவற்றோடு கண்ணுக்குத் தெரியாமல் பூச்சியும் கிருமியும் கொஞ்சம் சேர்ந்தே வயிற்றுக்குள் போயின என்பது. பி12ஐ உண்டாக்குவது செடியும் இல்லை, மிருகமும் இல்லை, பாக்டீரியாதான். சுத்தமான சூப்பர்மார்க்கெட் உணவில் அந்த இலவச அளவு நின்றுவிட்டது. இதை நான் வேதவாக்காகச் சொல்லவில்லை, இந்தியாவிலேயே பி12 குறைவு மிக அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் லயத்துவாசி சொன்ன மாற்றத்தோடு வைத்துப் பார்த்தால் நம் ஊருக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது.

இந்த வியாதியின் கதையே நம் பக்கத்திலிருந்துதான் பாதி வந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய் போனார். துணி ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் கடுமையான சோகை வந்து சாகிறார்கள். பார்த்தால் அணு பெரிது, இரும்புக்கு அசைவதில்லை. 1931 வாக்கில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார், இப்போது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. கடைசியில் மருந்தாக வேலை செய்தது எது தெரியுமா? மார்மைட். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறோமே, அதே கறுப்பு ஈஸ்ட் சாறு. அதிலிருந்த பொருள்தான் பிறகு ஃபோலேட் என்று தெரிந்தது. 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பி12 வேறு பாதையில் வந்தது. 1926இல் அமெரிக்காவில் மைனாட்டும் மர்ஃபியும் ஈரல் தின்னக் கொடுத்து நோயாளிகளைப் பிழைக்க வைத்தார்கள். 1934இல் நோபல் கிடைத்தது. சத்தையே தனியாகப் பிரித்தது 1948இல்தான்.

மாலா_ஈப்போ எழுதியது:
அப்போ அம்மாவுக்கு மார்மைட் கொடுத்தால் போதுமா?

நூலகப்பூச்சி எழுதியது:
போதாது அக்கா. லூசி வில்ஸ் குணப்படுத்தியது ஃபோலேட் குறைவை. இப்போது மார்மைட்டில் பி12ஐத் தனியாகச் சேர்க்கிறார்கள், அது வராமல் தடுக்கக் கொஞ்சம் உதவும். ஏற்கெனவே காலியான தொட்டியை அதனால் நிரப்ப முடியாது. மிஸ்ஸி அக்கா ஃபோலிக் ஆசிட் பற்றி எச்சரித்தது இதனால்தான்.

காவடிச்சிந்து எழுதியது:
கிரீமர் விஷயம் எனக்குத் தெரியாது, வீட்டில் டின்னைப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் தெம்பே இருக்கிறதே, சோயா புளித்தது. சைவத்துக்கு அது போதும் என்று ஒரு யோகா மாஸ்டர் சொன்னார். ஸ்பிருலினா என்ற பாசிப் பொடியும்.

மைக்ராஸ்கோப் எழுதியது:
தெம்பே புரதத்துக்கு அருமையான சாப்பாடு. பி12க்கு நம்ப முடியாது. புளிக்கவைக்கும் பூஞ்சை அதை உண்டாக்குவதில்லை. கூடவே தற்செயலாகச் சேருகிற பாக்டீரியா உண்டாக்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஸ்பிருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12, நம் உடம்புக்குப் பயன்படாது. மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாட்டில் குறை வராது. ஈரல், நெத்திலி, டின் சார்டின், முட்டை. கெராங் சிப்பியில் கொட்டிக் கிடக்கிறது. சார் குவே தியாவ் தட்டில் கெராங்கை ஒதுக்கி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், நன்றாக வெந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பனைக்காட்டான் எழுதியது:
எல்லாருக்கும் நன்றி. நாக்கு வழவழப்பாகத்தான் இருக்கிறது, மூட்டும் கறுத்திருக்கிறது, வெயில் என்றுதான் நினைத்திருந்தோம். மெட்ஃபோர்மின்தான் காரணம் என்றால் அதை நிறுத்திவிடலாமா? அவருக்கு நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோலும் தருகிறார்கள்.

பழைய_மிஸ்ஸி எழுதியது:
நிறுத்தவே கூடாது! சர்க்கரை எகிறினால் வேறு வம்பு. மெட்ஃபோர்மின் நல்ல மருந்து. ஆனால் அதிக அளவில், பல வருடம் சாப்பிட்டால் குடலின் கடைசிப் பகுதியில் பி12 ஏறுவதைக் குறைக்கும். இது அடிக்கடி வரும் பக்கவிளைவு என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் டாக்டர்களுக்கு எழுதியிருக்கிறது. ஓமெப்ரசோல் வேறு மாதிரி. சாப்பாட்டிலிருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும், அதை விடுவிக்க வயிற்று அமிலம் வேண்டும், இந்த மாத்திரை அமிலத்தை அடக்கிவிடும். சைவம், மெட்ஃபோர்மின், ஓமெப்ரசோல், மூன்றும் ஒருவருக்கே. நம் சமூகத்தில் இனிப்புநீர் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், ஆகவே இந்த மூன்றும் சேர்ந்தவர்கள் நம் கோயில் வரிசையிலேயே நிறையப் பேர் நிற்பார்கள். பாதம் மரத்தால் இனிப்புநீர் என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதுதான் எனக்குக் கோபம். இரண்டுக்கும் ஒரே மரப்புதான், பார்க்காமல் பிரிக்க முடியாது. இந்த இரண்டில் பி12 குறைவுக்கு மருந்து உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தால் மரப்பு குறையும்.

பார்மசியில் நரம்பு மாத்திரை என்று கேட்டு வாங்குவதும் சரியில்லை. அதில் பி12 இருக்கும், கூடவே பி6 அதிக அளவில் இருக்கும். பி6ஐ நிறைய நாள் அதிகமாகப் போட்டால் அதுவே மரப்பைக் கொண்டுவரும். முக்கியமாக, பரிசோதனைக்கு முன்னால் எதையும் போடாதீர்கள். ஒரு ஊசி போட்டுவிட்டால் இரத்தத்தில் அளவு ஏறிவிடும், பிறகு எது உண்மை என்று தெரியாது.

நூலகப்பூச்சி எழுதியது:
ஒரு கேள்வி. பெர்னிஷியஸ் அனீமியா என்று ஒன்று உண்டே, வெள்ளைக்காரர் வியாதி என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அது நமக்கும் வருமா?

மைக்ராஸ்கோப் எழுதியது:
வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பைச் சுவரைத் தாக்கி, பி12ஐ ஏந்திக்கொண்டு போகிற புரதம் சுரக்காமல் செய்துவிடும். ஆசியாவில் அபூர்வம் என்று நெடுநாள் சொன்னார்கள். ஹாங்காங் ஆஸ்பத்திரி ஒன்றில் 181 சீன நோயாளிகளை வைத்து 2006இல் எழுதிய கட்டுரை இருக்கிறது, ஆகவே தேடினால் கிடைக்கும் வியாதி அது. மச்சம் நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைந்தால் இதை நினைக்க வேண்டும். ஹெலிகோபேக்டர் என்ற வயிற்றுக் கிருமியும் ஒரு காரணம். மலேசியாவில் அது மலாய்க்காரர்களிடம் குறைவு, சீனர்களிடமும் நம்மிடமும் அதிகம்.

தாளில் என்ன பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். பி12 அளவு இங்கே பெரும்பாலும் லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்ற கணக்கில் வரும். 148க்குக் கீழே என்றால் குறைவு, அது மற்ற கணக்கில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராம். கொஞ்சம் மேலே, நடுவில் நின்றால் ஹோமோசிஸ்டீன் போன்ற கூடுதல் பரிசோதனை கேட்கலாம். அறிகுறி தெளிவாக இருந்தால் டாக்டர் அதற்குக் காத்திருக்காமல் தொடங்குவார்.

புதுஅம்மா எழுதியது:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சைவம், குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால்தான். எனக்கு ஹீமோகுளோபின் 11.8. கிளினிக்கில் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. நானும் பயப்பட வேண்டுமா?

பழைய_மிஸ்ஸி எழுதியது:
கர்ப்பத்தில் 11 (நடு மூன்று மாதத்தில் மட்டும் 10.5), மற்ற நேரத்தில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. நீங்கள் எல்லைக்குச் சற்றே கீழே இருக்கிறீர்கள், அதற்காகப் பயம் வேண்டாம். ஆனால் சைவம் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர்கள் எல்லா நேரமும் கேட்க மாட்டார்கள். தாயிடம் பி12 இல்லாவிட்டால் பாலிலும் இருக்காது. அந்தக் குழந்தை முதலில் நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் சோர்ந்து, சிரிப்பு குறைந்து, குப்புற விழுந்ததையும் உட்கார்ந்ததையும் மறந்துவிடும், சிலருக்குக் கைகால் நடுங்கும். இந்தியாவில் குழந்தை மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள். உங்கள் குழந்தை சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் சந்தோஷம், நீங்கள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பால், தயிர், முட்டை முடிந்தால் முட்டை. முடியாவிட்டால் டாக்டர் சொல்லும் பி12 மாத்திரை.

காவடிச்சிந்து எழுதியது:
மாத்திரையில் இருப்பது மிருகத்திலிருந்து எடுத்ததா? அப்படியென்றால் என் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மைக்ராஸ்கோப் எழுதியது:
இல்லை அண்ணே, தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. சில மாத்திரைகளின் மேல்கூட்டில் ஜெலட்டின் இருக்கும், அதை மட்டும் பெட்டியில் பாருங்கள். ஊசியில் அந்தப் பிரச்சினையும் இல்லை.

செம்பனைக்காட்டான் எழுதியது:
திங்கட்கிழமை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். ஊசி என்றால் ஆயுசுக்கும் போட வேண்டுமா? அம்மா முதலில் கேட்டதே அதுதான்.

பழைய_மிஸ்ஸி எழுதியது:
பழைய ரிப்போர்ட், மருந்துப் பை எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். சைவம் என்பதையும் எத்தனை வருடம் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சின்ன கிளினிக்கில் இரத்தத்தை எடுத்து வெளியே அனுப்புவார்கள், விடை வர நாள் ஆகலாம். நரம்பு அறிகுறி இருப்பதால் இரத்தம் எடுத்த கையோடு ஊசியைத் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

ஆயுசுக்குமா என்பது காரணத்தைப் பொறுத்தது. உடம்பு சரியாக உறிஞ்ச முடியாத பெர்னிஷியஸ் வகை என்றால் சிகிச்சை ஆயுசுக்கும்தான். சாப்பாட்டில் இல்லாததால் வந்தது என்றால் முதலில் அடிக்கடி ஊசி போட்டுச் சேமிப்பை நிரப்பி, பிறகு மாத்திரைக்கு மாற்றலாம். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் நூறில் ஒரு பங்கு எந்தப் புரத உதவியும் இல்லாமல் தானாகவே உள்ளே போகும், அதுவே தினத் தேவைக்கு மேல். மெட்ஃபோர்மின் தொடருகிறவரை வருடம் ஒருமுறை அளவு பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் புது அணுக்கள் எண்ணிக்கை ஏறத் தொடங்கும், இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் சரியாகிவிடும். கால் மரப்புக்கு மட்டும் ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டும், நடுவில் "ஊசி வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள், அம்மாவை விடாதீர்கள்.